ஒரு நிமிஷம் நில்லுங்க, இன்னும் வரலை

உட்காருங்க சார். அந்த ஓரத்துச் சேர் வேணாம், அதுல ஏசி நேரா மண்டையில அடிக்கும், சாயங்காலம் தலைவலியோட போவீங்க. இங்கிட்டு உட்காருங்க. அம்மா எந்த மாடிக்குப் போயிருக்காங்க? பட்டா? அப்ப நல்லா சாஞ்சே உட்காருங்க. பட்டுக்குப் போனவங்க இப்போதைக்கு இறங்க மாட்டாங்க. கைப்பையை மடியில வச்சுக்கங்க, கூச்சப்படாதீங்க. இங்க உட்கார்ந்திருக்கிற ஆம்பளைங்க எல்லார் மடியிலயும் ஒரு கைப்பை இருக்கு பாருங்க.

எந்த ஊரு? திருமங்கலமா? அப்ப திருநகர் வழியாத்தான் போவீங்க. ம். திருநகர் மண்டபத்துல இன்னைக்கு ஒரு கல்யாணம் சார். நான் முன்ன நிக்க வேண்டிய கல்யாணம். தாலி கட்டி முடிஞ்சிருக்கும், இந்நேரம் பந்தி நடக்கும். நான் இங்க நின்னு பையில முத்திரை அடிச்சுக்கிட்டிருக்கேன். போறதா, வேணாமான்னு காலையிலருந்து மண்டை காயுது. நீங்க பார்த்தா நாலு எடம் போயி வந்த ஆளாத் தெரியுது. கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

போயிட்டு வாங்கம்மா, போயிட்டு வாங்க.

என் பேரு தெய்வேந்திரன். நான் இந்த வெளிய போற வாசல் ஆளு இல்ல சார், முன்வாசல் ஆளு. தலைப்பாகை கட்டி, ஜரிகைத் துண்டு போட்டு, கையைக் கும்பிட்டு, "வாங்க வாங்க"ன்னு சொல்றது என் வேலை. இந்த மீசைக்காகவே எடுத்தாங்க. நீங்க முன்னாடி இந்தக் கடைக்கு வந்திருந்தா என்னையப் பார்த்திருப்பீங்க, ஆனா ஞாபகம் இருக்காது. அப்பல்லாம் நான் சொன்ன வாங்க அந்த லட்சணத்துல இருந்துச்சு. வாய் வாங்கன்னு சொல்லும், மனசு டீக்கடையில நிக்கும். ஒருநா மாடு ஒண்ணு வந்து வாசல்ல நின்னுச்சு. அதையும் கும்பிட்டு, வாங்கன்னு சொல்லி, கதவைத் திறந்து விட்டுட்டேன். சுடிதார் செக்ஷன் வரைக்கும் போயிருச்சு.

அப்பத்தான் சின்ன முதலாளி படிப்பு முடிச்சுட்டு வந்தாரு. பெரியவரோட மகன். நல்ல மனுசன், எங்களையெல்லாம் அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு. மாடு வந்த கதையைக் கேட்டுட்டு, எங்களுக்குக் கிளாஸ் எடுக்கச் சென்னையிலருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. கோட்டு போட்ட சார். கடை திறக்கிறதுக்கு முன்னாடி, மேல பட்டு விரிச்சுக் காட்டுற மெத்தையில எங்க எல்லாரையும் உட்கார வச்சாங்க. அவரு கன்னத்தோரம் மைக்கை மாட்டிக்கிட்டு, நேரா என்னையக் கை காட்டினாரு. மீசை தெரியுதுல்ல.

"நீங்க தினமும் காலையில எதுக்காக எந்திரிக்கிறீங்க?"

"கார்ப்பரேஷன் தண்ணி வரும் சார். பிடிக்கணும்."

எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கலை. "உங்க வேலை என்ன?"ன்னாரு. வாங்கன்னு சொல்றதுன்னேன். "எதுக்காகச் சொல்றீங்க?"ன்னாரு. சொல்லலைன்னா சூப்பர்வைசர் அருணகிரி சார் திட்டுவாருன்னேன். மறுபடியும் சிரிப்பு. அவரு வந்து என் தோள்ல கையைப் போட்டாரு சார். போட்டு, "ஒரு மனுசன் இன்னொரு மனுசனைப் பார்த்து வாங்கன்னு சொல்றது சாதாரண விஷயமா? அதுதான் உங்க வேலையோட அர்த்தம். மனசுல இல்லாம சொல்ற வார்த்தை பிணம். நீங்க தினமும் அந்த வாசல்ல பிணத்தை அடுக்கிக்கிட்டிருக்கீங்க"ன்னாரு.

மத்தவங்க எல்லாம் அதோட கேசரி சாப்பிடப் போயிட்டாங்க. எனக்குக் கேசரி இறங்கலை. ஏன்னா அந்த ஒரு வார்த்தையோட மதிப்பு எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த மதுரையில எவனுக்கும் தெரியாது. அந்த வார்த்தையால சீரழிஞ்ச குடும்பம் சார் எங்க குடும்பம். அதைக் கேளுங்க.

என் சம்சாரம் காளீஸ்வரி. அவளுக்கு ஒரே தம்பி, தவமணி. திருநகர்ல வீடு கட்டினான். பால் காய்ச்சுறதுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தான். இல்லைங்கலை, வீடு தேடி வந்து வெத்தலை பாக்கு வச்சுத்தான் கூப்பிட்டான். அக்கா புருசன் வெறுங்கையோட போகலாமா? நல்ல கிரைண்டரா பார்த்து வாங்கி, அட்டைப்பெட்டியோட தோள்ல வச்சுக்கிட்டுப் போறேன். டவுன் பஸ்ல கண்டக்டர் அதுக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் வேற போட்டான். போயி வாசல்ல நிக்கிறேன். நிலைப்படியில தவமணி நிக்கிறான். காதுல போனு. என்னையப் பார்த்தான். பார்த்துட்டு, இப்பிடித் தலையை ஆட்டினான். இப்பிடி. அம்புட்டுத்தான். "வாங்க மச்சான்"னு ஒரு வார்த்தை வரலை. எனக்குப் பின்னாடி வந்த சிமெண்டுக் கடைக்காரனுக்கு "வாங்கண்ணே, வாங்க"ன்னான். என் காதால கேட்டேன்.

படியேறி வந்தவனை வான்னு சொல்லலைன்னா என்ன அர்த்தம் சார்? போன்னுதானே அர்த்தம்? அப்பிடியே திரும்பிட்டேன், கிரைண்டரோட. காளீஸ்வரி ஒரு காலை உள்ள வச்சுட்டா. "ஏய், நட"ன்னேன். எடுத்துட்டா. அன்னைக்கோட அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. அவளும் தம்பி பேரை எடுக்க மாட்டா. அந்த விஷயத்துல அவ தங்கம்னு சொல்லுவேன்.

அந்தக் கிரைண்டரை நான் பிரிக்கலை. அவனுக்குன்னு எடுத்தது, அதை நாம எப்பிடித் தொடறது? பெட்டி மேல டிவியை வச்சுட்டோம். எங்க வீட்டுல வேற கிரைண்டர் கிடையாது. காளீஸ்வரி தூக்குச்சட்டியில அரிசியை ஊற வச்சு எடுத்துக்கிட்டு, எதிர்வீட்டுல போயி ஆட்டிட்டு வருவா. சொந்தக் கிரைண்டர் மேல நாடகம் ஓடும், மாவு அடுத்தவங்க கிரைண்டர்ல ஓடும். சிரிக்காதீங்க சார். மரியாதைன்னு வந்துட்டா இதெல்லாம் பார்க்க முடியுமா?

அதான் அந்தக் கோட்டு சார் சொன்னது எனக்குச் சுருக்குன்னு தச்சுது. மறுநாள் தலைப்பாகையைக் கட்டும்போதே முடிவு பண்ணிட்டேன். இனிமே என் வாயிலருந்து ஒரு செத்த வாங்க வராது. மனசுல ஊறி, தொண்டைக்கு ஏறி, தானா வந்தாத்தான் உண்டு.

அன்னைக்கு முதல்ல வந்தது ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர். வெயிலுக்குப் பயந்து தினமும் ஏசிக்காக வர்றவர். ஒரு கர்சீப்பு வாங்கினது கிடையாது. வழக்கமா அவரைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். அன்னைக்கு நல்லாப் பார்த்தேன். செருப்பு வாருல ஊக்கு குத்தியிருக்கு. சட்டைப் பித்தான் மாத்திப் போட்டிருக்கு. பாவம், சொல்றதுக்கு வீட்டுல ஆளில்ல போலன்னு தோணுச்சு. "வாங்கய்யா"ன்னேன். அவரு பின்னாடி திரும்பிப் பார்த்தாரு, வேற யாரோ வர்றாங்கன்னு. "உங்களைத்தான்யா"ன்னேன். மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "எங்க வீட்டுலயே என்னைய வான்னு கேட்டு வருசமாச்சு தம்பி"ன்னாரு. அன்னைக்குத்தான் அவரு ஒரு கர்சீப்பு வாங்கினாரு, கண்ணைத் துடைக்க.

சார், எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசத்தை எப்பிடிச் சொல்றது. இத்தனை வருசமா கால் வலிக்க நின்னதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்குன்னு தோணுச்சு. வீட்டுக்குப் போயி காளீஸ்வரிகிட்ட பக்கம் பக்கமா சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசில, "எல்லாருக்கும் சொல்றீங்களா?"ன்னா. எல்லாருக்கும்தான்னேன். "சரி"ன்னுட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு மாவாட்டப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி பெரிய விஷயம் சட்டுனு ஏறாது.

ஆனா ஒரு சிக்கல் வந்துச்சு. சில பேருக்கு வாங்க சட்டுனு வரும், சில பேருக்கு வராது. வராததை வந்ததுன்னு சொல்லலாமா? கையைக் கும்பிட்டபடியே கண்ணை மூடிக்கிட்டு, "ஒரு நிமிஷம் நில்லுங்க, இன்னும் வரலை"ம்பேன். முதல்ல சனம் குழம்பிப் போச்சு. "என்னய்யா வரலை, கரண்டா?"ன்னு கேட்டாங்க. "வாங்க வரலை. வந்ததும் சொல்றேன்"ம்பேன். கோவிச்சுக்கிட்டுப் போனவங்களும் உண்டு. ஆனா நம்ம சனத்தைத் தெரியாதா, ஒரு எடத்துல நாலு பேரு நின்னா எதுக்குன்னு கேக்காம அஞ்சாவதா வந்து நிக்கும். வரிசை கரும்புச் சாறு வண்டி வரைக்கும் போயிருச்சு. அண்டா தர்றாங்கன்னு நினைச்சு நின்னவங்க எத்தனையோ பேரு.

அதுல ஓரகத்திங்க ரெண்டு பேரு வந்தாங்க. மூத்தவங்களுக்கு நல்லா நிறைஞ்ச வாங்க வந்துச்சு. இளையவங்களுக்குக் கொஞ்சம் சிறுத்து வந்துச்சு, நான் என்ன செய்ய? உள்ள போன அந்தம்மா கால் மணி நேரத்துல திரும்பி வந்து, "அவளுக்கு மட்டும் அப்பிடிச் சொன்னீங்க, எனக்கு ஏன் அரைகுறையா சொன்னீங்க? நான் என்ன கொறைஞ்சு போயிட்டேன்?"ன்னு கேட்டுச்சு. மறுபடி வரிசையில நின்னு, புதுசா ஒண்ணு வாங்கிட்டுத்தான் போச்சு. வாத்தியார் தன்னோட வாக்கிங் கூட்டாளிகளையெல்லாம் கூட்டிட்டு வந்துட்டாரு. முன்வாசல்ல ஒரு வாங்க கேப்பாங்க, இந்த வாசல் வழியா வெளிய போவாங்க, சுத்தி வந்து மறுபடி வரிசையில நிப்பாங்க.

அருணகிரி சார் தலையில அடிச்சுக்கிட்டாரு. கூட்டம் பூரா வாசல்லயே நிக்குது, உள்ள சேல்ஸ் பொண்ணுங்க கொட்டாவி விடுதுன்னாரு. சின்ன முதலாளிதான் அவரை அடக்கினாரு. "இதைத்தான் அருணகிரி நாம எதிர்பார்த்தோம்"னுட்டு, என் போட்டோவைப் பெருசாப் பண்ணி வாசல்லயே மாட்டிட்டாரு. கீழ, 'தன் வேலையின் அர்த்தத்தைக் கண்டவர்'னு எழுதியிருந்துச்சு.

போயிட்டு வாங்க தம்பி. பில்லு? ஆங், போயிட்டு வாங்க.

எதுல விட்டேன்? ஆமா, சித்திரை மாசம். வைகாசி முகூர்த்தத்துக்கு ஜவுளி எடுக்கிற நேரம். ஒருநா வாசல்ல ரெண்டு வேன் வந்து நின்னுச்சு. ரெண்டு வீட்டாளுகளும் சேர்ந்து கல்யாண ஜவுளிக்கு வந்தா சும்மாவா? முகூர்த்தப் பட்டுலருந்து மாமன் வேட்டி வரைக்கும் ஒரே கடையில முடிப்பாங்க. அருணகிரி சாருக்கு மூக்குல வேர்த்து, சந்தனத்தட்டோட ஓடி வந்துட்டாரு. முதல் ஆளா வேனை விட்டு இறங்குறான், தவமணி.

அவன் மகளுக்குக் கல்யாணம்னே எனக்குத் தெரியாது சார். பின்னாடியே மாப்பிள்ளை வீட்டுச் சனம் இறங்குது. அவன் என்னையப் பார்த்துட்டான். தலைப்பாகையிலருந்து கால் வரைக்கும் பார்த்தான். மேல மாட்டியிருந்த போட்டோவையும் பார்த்தான்.

கையைக் கும்பிட்டுட்டேன், அது டியூட்டி. கண்ணை மூடித் தேடினேன். வரலை. ஆத்தா மீனாட்சி, ஒரு பொட்டுக் குடுன்னு கேட்டேன். நெஞ்சுக்குள்ள தோண்டிப் பார்த்தா அந்தக் கிரைண்டர்தான் தட்டுப்படுது. கண்ணைத் திறந்தேன். "ஒரு நிமிஷம் நில்லுங்க, இன்னும் வரலை"ன்னேன்.

"எத்தனை வருசமா வரலை மச்சான், இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்"ன்னான் தவமணி.

சொல்லிட்டு நின்னுட்டான் சார், படிக்கு அந்தப் பக்கம். அருணகிரி சார் குறுக்க பாஞ்சு, "அட வாங்க சார், உள்ள வாங்க, எல்லாரும் வாங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுக்குறாரு. இவன் நகரலை. "நீங்க சொன்னா ஆச்சா? எங்க வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை இவரு. வாசல்லயே நிக்கிறாரு. இவரு வாயால சொல்லாம நான் படியேறினா சம்பந்தி வீட்டாளுக என்ன நினைப்பாங்க?"ன்னான். சம்பந்தி வீட்டாளுக ஏற்கெனவே நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. சித்திரை வெயிலு, மண்டையைப் பிளக்குது. எதிர்க்கடையில ஒரு பொண்ணு பன்னீர்ச் செம்போட நிக்கும். அது கல்கண்டுத் தட்டை எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டி வந்து, "அம்மா, நம்ம கடைக்கு வாங்களேன்"னு கூப்பிடுது. மாப்பிள்ளையோட அம்மா ஒரு கல்கண்டை வாயில போட்டுக்கிட்டு, "அங்கிட்டே போயிருவமா?"ங்குது. தவமணிக்கு முகம் செத்துப் போச்சு. "இருங்க சம்பந்தி, எங்க மச்சான் இப்பச் சொல்லிருவாரு"ன்னான்.

சின்ன முதலாளி கண்ணாடி ரூமை விட்டு எறங்கி ஓடி வந்தாரு. "அண்ணே, ஒரு வார்த்தைதான, சொல்லிருங்கண்ணே"ன்னாரு. "நீங்கதான சார் கிளாஸ் வச்சீங்க? கல்யாணக் கூட்டத்துக்கு முன்னாடி பிணத்தைப் போடச் சொல்றீங்களா?"ன்னேன். அவரு போனை எடுத்து அந்தக் கோட்டு சாரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. ரோடே கேக்குது.

"தெய்வேந்திரன், ரிலாக்ஸா இருங்க. அவர் உங்களுக்குச் செஞ்ச நல்லது ஒண்ணை நினைச்சுப் பாருங்க."

நினைச்சேன் சார், நினைக்காம இல்ல. காளீஸ்வரிக்கு ஆபரேசன்னப்ப ரத்தம் குடுத்தவன் இவன்தான். நல்லதுதான். ஆனா குடுத்துட்டு வந்து, "மச்சான், ஒரு ஜூஸ்கூட வாங்கித் தர மாட்டீங்களா"ன்னு நர்சுங்க முன்னாடி கேட்டான். அதைப் போனுல சொன்னேன். "சரி, வேற ஒண்ணு"ன்னாரு. எங்க அப்பா செத்தப்ப ராத்திரி பகலா கூட நின்னான். ஆனா பந்தல்காரனை இவன் அதட்டின அதட்டுல, செத்தது யாரு அப்பான்னே ஊருக்குச் சந்தேகம் வந்துருச்சு. அதையும் சொன்னேன். வரிசையில நின்ன வாத்தியார், "அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு"ன்னாரு. கோட்டு சார் இன்னொரு கால் வருதுன்னு வச்சுட்டாரு.

அப்பத்தான் ரெண்டாவது வேனோட கதவு திறந்துச்சு. ஒரு பொம்பளை இறங்குறா, தலை நிறைய மல்லிகைப்பூ, கல்யாணப் பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு. யாருடா இது, நம்ம வீட்டு ஆளாட்டம் இருக்காளேன்னு பார்க்கிறேன். நம்ம வீட்டு ஆளேதான்.

காலையில எதிர்வீட்டுக்கு மாவாட்டப் போறேன்னு சொன்னவ சார். எனக்கு அப்பத்தான் ஒவ்வொண்ணா வெளங்குது. இத்தனை வருசமா அந்த மாவு எதிர்வீட்டுல ஆடலை. திருநகர்ல ஆடியிருக்கு. டவுன் பஸ்ல தூக்குச்சட்டியோட போயி, தம்பி வீட்டுல ஆட்டி, அதே பஸ்ல கொண்டாந்திருக்கா. வெயில் காலத்துல எங்க வீட்டு மாவு மட்டும் வரும்போதே புளிச்சு வர்றது ஏன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

அவ நேரா வந்தா. படியேறி என் எதிர்க்க நின்னா. அம்புட்டுச் சனமும் பார்க்குது.

"சொல்லுங்க"ன்னா.

"என்னது?"

"எல்லாருக்கும் சொல்றீங்களே, அதை எனக்குச் சொல்லுங்க. இத்தனை வருசமா இந்த வாசல்ல நிக்கிறீங்க. ஒருநா என்னைய இந்தக் கடைக்கு வான்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

சார், சத்தியமா சொல்றேன், எனக்கு மனசு நெறைஞ்சுதான் இருந்துச்சு. பொங்கிப் பொங்கி வருது. தொண்டை வரைக்கும் வந்துருச்சு. வாயைத் திறக்குறேன், "மாவு என்னாச்சு"ன்னு வருது.

எதிர்க்கடைப் பொண்ணுகூட சிரிச்சிருச்சு. காளீஸ்வரி சிரிக்கலை. என்னைய ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் திரும்பி, என் பக்கத்துலயே ரோட்டைப் பார்த்து நின்னா. கையைக் கும்பிட்டா. "வாங்க சம்பந்தி, வாங்க மதினி, வா தம்பி, எல்லாரும் உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க"ன்னா. அம்புட்டுத்தான் சார். கண்ணை மூடலை, தேடலை, ஒண்ணுமில்ல. அடுப்புல பாலை வச்சுட்டுப் பேசுற மாதிரி வெடுக்குன்னு சொன்னா. மடை திறந்த மாதிரி போச்சு சனம். சம்பந்தி வீட்டாளுக, வரிசையில நின்னவங்க, வாத்தியார் செட்டு, கல்கண்டுப் பொண்ணுகூட ரெண்டு எட்டு உள்ள வந்துட்டுத் திரும்பிச்சு. தவமணி என்னைய உரசிக்கிட்டுப் போனான். கடைசியா அவ போனா. அவளை யாரும் வான்னு சொல்லலை, அவ பாட்டுக்குப் போயிட்டா.

மறுநாளே எனக்கு இந்த வாசலுக்கு மாத்தல். "உங்க திறமைக்கு அந்த வாசல் பத்தாதுண்ணே. வெளிய போறப்பக் கடைசியாப் பார்க்கிற முகம்தான் மனசுல நிக்கும்"னாரு சின்ன முதலாளி. ஒரு வகையில உயர்வுதான். முன்வாசல்ல இப்ப ஒரு பொம்மை நிக்குது, உள்ள வர்றப்ப கவனிச்சிருப்பீங்க. என் மீசை மாதிரியே வச்சிருக்காங்க. ஆள் வந்தா கும்பிட்டு வாங்கங்குது. மாடு வந்தாலும் சொல்லும். வாத்தியார் ஒருநா அதுகிட்ட வாங்க கேட்டுட்டு, நேரா இங்க வந்து, "தம்பி, இது சரியில்ல"ன்னுட்டுப் போனாரு. அப்புறம் வர்றதில்ல. எனக்கு அதுல வருத்தம்தான் சார். இந்த வாசல்லயும் ஏதோ ஒரு அர்த்தம் இருக்கும்னு தேடிக்கிட்டிருக்கேன். இன்னும் சிக்கலை.

இருங்க, கதை முடியலை. போன வாரம் தவமணி இங்க வந்தான், பத்திரிகை குடுக்க. இந்த வழியா நேரா உள்ள வரப் பார்த்தான். இந்த வழியா ஆளை விடக்கூடாது, அது இங்க சட்டம். கையை நீட்டி மறிச்சு, "இது வெளிய போற வழி, முன்னாடி சுத்தி வாங்க"ன்னேன். வாய் பாட்டுக்கு வாங்கன்னு சொல்லிருச்சு. அவன் அப்பிடியே நின்னான். ஒரு மாதிரி சிரிச்சான். "இது போதும் மச்சான்"ன்னான். கண்ணு கலங்கின மாதிரிகூட இருந்துச்சு. பத்திரிகையை இந்த ஸ்டூல் மேல வச்சு, என் காலைத் தொடக் குனிஞ்சான். எனக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. இப்பச் சொல்லுவான், வாங்க மச்சான்னு இப்பச் சொல்லுவான்னு பார்க்கிறேன். போனு அடிச்சிருச்சு. சமையல்காரன் போல. காதுல வச்சுக்கிட்டு, என்னையப் பார்த்து இப்பிடித் தலையை ஆட்டிட்டுப் போயிட்டான் சார். இப்பிடி. அதே ஆட்டு.

இப்பச் சொல்லுங்க. பத்திரிகை வந்துச்சு, வார்த்தை வரலை. போனா மரியாதை இருக்கா?

காளீஸ்வரி வாதாடலை. அதுதான் எனக்கு ஆச்சரியம். இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுக் குளிச்சு, அந்தப் பட்டைக் கட்டினா, இந்தக் கடையில தம்பி எடுத்துக் குடுத்த பட்டு. டிவியைத் தூக்கித் தரையில வச்சா. ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு, அந்தக் கிரைண்டரைப் பெட்டியோட ஏத்தினா. பொண்ணுக்குச் சீராம். நான் கட்டில்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒரு வார்த்தை, வர்றீங்களா வரலையான்னு கேக்கலை. சாவியை ஆணியில மாட்டிட்டு, "நான் முன்னாடி போறேன், வெரசா வாங்க"ன்னுட்டு ஆட்டோவுல ஏறிட்டா. இப்ப வீட்டுல டிவி தரையில கெடக்கு. பெட்டி இருந்த எடத்துல தரை மட்டும் வெள்ளையா, சதுரமா தெரியுது. அதைப் பார்க்கச் சகிக்காமத்தான் வேலைக்கு வந்தேன்.

என்ன சார்?

இல்ல சார், அவ கூப்பிட்டான்னு எப்பிடிச் சொல்றீங்க? வெரசா வாங்கன்னா. அது, அவ எப்பவும் சொல்றதுதான. தினமும் நான் வேலைக்குக் கிளம்புறப்ப வாசல்ல நின்னு சொல்லுவா, வெரசா வாங்கன்னு. கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்றா. டியூட்டிக்குச் சொல்றாளா, மனசாரச் சொல்றாளான்னு நான் எங்க பார்த்தேன். செருப்பை மாட்டிக்கிட்டே தலையை ஆட்டிட்டு வந்துருவேன்.

ஆமா. இப்பிடித்தான்.

சார், கொஞ்சம் இருங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. இல்ல, தண்ணி வேணாம்.

அந்தா அம்மா வந்துட்டாங்க. இம்புட்டுச் சீக்கிரமா? வாங்கம்மா, பையை இப்பிடிக் குடுங்க. நல்ல கலரு. ஆங், அடிச்சாச்சு முத்திரை. போயிட்டு வாங்க சார், போயிட்டு...

என்ன சொன்னீங்க? போற வழியில மண்டபத்துல எறக்கி விடுறீங்களா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றீங்களா, இல்ல...

சரி, எதுவா இருந்தா என்ன. அருணகிரி சார், இந்த வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. கோவிக்காதீங்க, இந்தாங்க, இந்த முத்திரையைப் பிடிங்க. பந்தி முடிஞ்சிருந்தாலும் அவ எனக்காக ஒரு எலையை நிறுத்தி வச்சிருப்பா. சார், ஒரு நிமிஷம் நில்லுங்க. வந்துட்டேன்.